படகு மோட்டாரில் கியர் விழவில்லையா?

பிள்ளைப்பாக்கத்தில் கடல் இல்லை. ஏரி இருக்கிறது. சுற்றிலும் தொழிற்சாலைகள்.

"இங்கே படகு மோட்டார் பேச்சு எதற்கு?" என்று கேட்பீர்கள்.

காரணம் இருக்கிறது. பிள்ளைப்பாக்கம் ஏரி நிரம்பி வழிந்தால், தண்ணீர் செம்பரம்பாக்கம் ஏரிக்குப் போகிறது. அதன் உபரி நீர் அடையாற்றில் விழுகிறது. 2015 டிசம்பரில் அடையாறு கரை புரண்டது. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் தெருவில் படகு ஓடியது! மீனவர்கள் தங்கள் படகுகளை லாரியில் ஏற்றி வந்தார்கள். மீட்புப் படையினர் ரப்பர் படகில் வந்தார்கள்.

வாசலில் பாட்டியும் பேரக்குழந்தையும் நிற்கிறார்கள். படகு நெருங்குகிறது. அப்போது கியர் நியூட்ரலுக்கு வராவிட்டால் என்ன ஆகும்? தண்ணீருக்குள் விசிறி சுற்றிக்கொண்டே இருக்கும். இடுப்பளவு தண்ணீரில் நிற்பவரின் காலை அது வெட்டிவிடும்!

பைக்கில் உண்டு, படகில் இல்லை

பக்கத்து வல்லம் வடகாலில் மோட்டார் சைக்கிள் செய்கிறார்கள். பைக் ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும்: கிளட்சைப் பிடித்தால்தான் கியர் சுகமாக விழும்.

படகின் பின்புறம் மாட்டும் மோட்டாரில் அந்தக் கிளட்ச் பிடி கிடையாது.

அதன் அடிப்பகுதியில் மூன்று பற்சக்கரங்கள் உள்ளன. என்ஜினிலிருந்து இறங்கும் தண்டில் ஒன்று. அது மற்ற இரண்டையும் எப்போதும் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒன்று முன்னோக்கிப் போக. மற்றொன்று பின்னோக்கி வர. நடுவில் பல் வைத்த ஒரு வளையம் நகர்கிறது. அது எந்தச் சக்கரத்தைக் கவ்வுகிறதோ, அந்தப் பக்கம் விசிறி சுற்றும். எதையும் கவ்வாவிட்டால் நியூட்ரல்.

1909-இல் அமெரிக்காவில் ஓலே எவின்ரூட் விற்பனைக்குக் கொண்டுவந்த மோட்டாரில் இந்த வசதி இல்லை. என்ஜின் ஓடினால் படகும் ஓடும்!

மெதுவாகப் போடாதீர்கள்

"மெதுவாகக் கியர் போட்டால் நல்லது" என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. மெதுவாகத் தள்ளினால் பல்லும் பல்லும் உரசும். 'கடகட' என்று சத்தம் வரும். நாளடைவில் பல்லின் முனை மழுங்கும். பிறகு ஓடும்போதே கியர் கழன்று கழன்று விழும். 'டக் டக்' என்று படகு குலுங்கும். அதற்கு வளையத்தையும் சக்கரத்தையும் மாற்றத்தான் வேண்டும். செலவு அதிகம்.

என்ஜின் வேகத்தை நன்றாகக் குறையுங்கள். பிறகு ஒரே தள்ளு! அதுதான் முறை. குறைந்த வேகமே கூடுதலாக இருந்தால் அதை முதலில் சரி செய்யுங்கள்.

என்ஜின் நின்றிருக்கும்போது கியர் விழவில்லை என்றால் பதற வேண்டாம். பல்லுக்கு நேரே பல் நிற்கிறது, அவ்வளவுதான். என்ஜின் கிளம்பாதபடி பாதுகாப்புக் கயிற்றைக் கழற்றிவிட்டு, விசிறியைக் கையால் சற்றே திருப்புங்கள்.

கைப்பிடியே கனமாக இருக்கிறதா? கேபிளை மோட்டார் பக்கத்தில் கழற்றி, கைப்பிடியை அசைத்துப் பாருங்கள். அப்போதும் கனமாக இருந்தால் கேபிளில் துரு. லேசாக இருந்தால் கோளாறு மோட்டாருக்குள்.

சில சமயம் கியர்மேல் வீண்பழி விழும். என்ஜின் அலறும், படகு நகராது, 'டக்' சத்தமும் இராது. அப்படியானால் விசிறியின் நடுவிலுள்ள ரப்பர் வழுக்குகிறது. நடுப்பகுதிக்கும் வெளிப்பகுதிக்கும் குறுக்கே பெயிண்டால் ஒரு கோடு போட்டு, ஓட்டிப் பாருங்கள். கோடு விலகினால் ரப்பர் போய்விட்டது. சிறிய மோட்டார் சிலவற்றில் ரப்பருக்குப் பதில் ஒரு ஊசி இருக்கும். அது ஒடிந்திருக்கலாம்.

எண்ணெய் பால் போல் இருந்தால்

வெள்ளத்தில் துணி, கயிறு, நைலான் நூல் எல்லாம் மிதந்து வரும். விசிறிக்குப் பின்னால் நூல் சுற்றினால், தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் வளையம் அறுந்துபோகும். கியர் எண்ணெயில் தண்ணீர் கலக்கும். அடித் திருகைக் கழற்றிப் பாருங்கள். எண்ணெய் பால் போல வெளுத்திருந்தால் உடனே மெக்கானிக்கிடம் காட்டுங்கள். புது எண்ணெயைக் கீழ்த் துளை வழியாக ஏற்ற வேண்டும். மேல் துளையில் வழிந்தால் நிறைந்துவிட்டது.

மீட்புப் படகு மோட்டார் வருஷம் முழுவதும் ஷெட்டில் தூங்குகிறது. மழைக்காலத்துக்கு முன்பே அதைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி ஓட்டி, முன்னும் பின்னும் கியர் போட்டுப் பார்க்க வேண்டும். தண்ணீர் இல்லாமல் ஓட்டினால், குளிர்விக்கும் பம்பின் ரப்பர் கருகிவிடும்.