பிள்ளைக்கும் வாய் உண்டு

பிராயம் வருமுன்பே ஒரு பிள்ளையைப் பெற்றோரின் அதிகாரத்திலிருந்து கோர்ட்டார் விடுவித்துவிட முடியுமா? அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தில் முடியும். 14 வயது நிரம்பி, பெற்றோரின் இசைவுடன் தனியே வாழ்ந்து, தன் வரவு செலவைத் தானே கவனித்துக் கொள்ளும் பிள்ளை அங்கே மனுச் செய்து கொள்ளலாம். நம் தேசத்தில் அத்தகைய சட்டம் இல்லை. 18 வயது வரையில் பிள்ளை மைனர்தான்.

அதனால் பிள்ளைக்கு வாயே இல்லை என்று முடிவு கட்டிவிட வேண்டாம். இது குறித்துச் சென்னையில் நடந்த வழக்கொன்று லண்டன் வரையில் சென்றது.

அடையாற்றுப் பிரம்மஞான சபையைச் சேர்ந்த நாராயணய்யா, 1910 மார்ச்சு மாதம், தம் புதல்வர்கள் ஜே. கிருஷ்ணமூர்த்தி, நித்யானந்தம் இருவரையும் அன்னி பெஸண்ட் அம்மையாரின் பொறுப்பில் எழுதிக் கொடுத்தார். அம்மையார் அவர்களை இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றார். தந்தையின் மனம் மாறிற்று. 1912-இல் செங்கற்பட்டு ஜில்லாக் கோர்ட்டில் வழக்குத் தொடுத்தார். அது சென்னை ஹைகோர்ட்டுக்கு மாற்றப்பட்டது. தந்தையின் பக்கம் ஸர். சி. பி. ராமஸ்வாமி ஐயர், எதிரே, தமக்காகத் தாமே வாதாடிய அம்மையார். 1913-இல் தந்தைக்கே ஜயம் கிட்டிற்று. பெரியவர்கள் வழக்காடினார்கள், பிள்ளைகளின் விருப்பத்தைக் கேட்பார் இல்லை!

1914-இல் பிரிவி கவுன்ஸில் அத்தீர்ப்பை ரத்துச் செய்தது. தந்தையின் பொறுப்பு புனிதமானது; பிள்ளையைப் பிறர் வளர்க்க விட்டாலும் திரும்பப் பெறும் உரிமை அவரிடமே உண்டு என்று ஒப்புக் கொண்டது. ஆயினும், இங்கிலாந்தில் வசிக்கும் பிள்ளைகள் செங்கற்பட்டுக் கோர்ட்டின் எல்லைக்குள் வாரார் என்றது. வேண்டுமானால் தந்தை இங்கிலாந்துக் கோர்ட்டை நாடலாம். அங்கே பிள்ளைகளின் நலனும் விருப்பமும் விசாரிக்கப்படும் என்றது.

வேப்பூரில் பாடஞ் சொல்லும் நமக்கு, ஆண்டுதோறும் பரீட்சை முடிந்ததும் இந்த வழக்கே நினைவுக்கு வருகிறது. பையனை விருத்தாசலத்துப் பீங்கான் வேலைக்கு அனுப்புவதா, பெண்ணுக்கு விவாகம் முடிப்பதா என்று திண்ணையில் பேசித் தீர்த்து விடுகிறார்கள். பையனும் பெண்ணும் உள்ளேதான் இருக்கிறார்கள். அழைத்துக் கேட்பார் இல்லை.

சட்டமோ கேட்கச் சொல்கிறது. விவரம் அறிந்த பிள்ளையின் விருப்பத்தைக் கோர்ட் கருதலாம் என்கிறது, இன்றும் அமுலில் உள்ள 1890-ஆம் வருஷத்துக் கார்டியன் சட்டம். 2006-ஆம் வருஷத்துச் சட்டப்படி, பால்ய விவாகத்தை ரத்துச் செய்யுமாறு அதற்கு ஆளான பிள்ளையே, பிராயம் வந்து 2 வருஷம் வரையில், கோர்ட்டைக் கோரலாம். மைனராயிருக்கும்போதே உற்றார் ஒருவர், தடுப்பு அதிகாரியுடன் சேர்ந்து, பிள்ளைக்காக மனுச் செய்யலாம். ஆபத்துக்கு 1098 என்ற தொலைபேசி எண்ணும் உண்டு.

பெற்றோரைத் துறக்கும் உரிமையை எந்தப் பிள்ளையும் நம்மிடம் கேட்கவில்லை. தன்னைப் பற்றிய பேச்சில் தனக்கும் ஓர் இடம் வேண்டும் என்பதே அதன் கோரிக்கை. அதைக் கொடுக்கக் கோர்ட்டு எதற்கு? திண்ணையே போதும்.