வீட்டை விடச் சொன்னால்

நோன்புப் பெருநாள் முடிந்த அடுத்த வாரம், மஃரிபுக்குப் பிறகு எங்கள் வீட்டுச் சொந்தக்காரர் வந்தார். உம்மா கொடுத்த பிளேன்டீயைக் குடித்து முடித்துவிட்டு, "மகனுக்குக் கலியாணம் தம்பி, இந்த மாசக் கடைசிக்குள்ள வீட்ட விட்டுத் தாங்க" என்று வாப்பாவிடம் சொன்னார். எழுந்து போகும்போது, "இல்லாட்டி பொலிஸுக்குத்தான் போகணும்" என்றும் சொன்னார். ஒன்பது வருடமாக லுணுகலையில் அந்த வீட்டில்தான் இருக்கிறோம். எனக்கு உயர்தரப் பரீட்சைக்குச் சில மாதங்களே இருந்தன. வாப்பா அன்றிரவு சாப்பிடவில்லை. வீட்டை விடுவதை விட அந்தப் 'பொலிஸ்' என்ற சொல்தான் எங்களைப் பயப்படுத்தியது.

மறுநாள் அரசியல் விஞ்ஞானப் பாட ஆசிரியையிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "தோட்டத்துத் தொழிலாளி ஒருவர் இதே கேள்வியை லண்டன்வரை கொண்டுபோயிருக்கிறார், தெரியுமா?" என்றார். எனக்குத் தெரியாது. எங்களைச் சுற்றி அடாவத்தை, ஹொப்டன் என்று தோட்டங்களாகவே இருந்தும், அந்தக் கதையை நான் கேட்டதேயில்லை.

கேகாலை மாவட்டத்தில் நேவ்ஸ்மியர் என்றொரு தோட்டம். மலையகத்தார் அதை உருளவள்ளி என்பார்கள். காணியில்லாத கிராமத்தவருக்குப் பகிர்ந்தளிப்பதற்காக அரசாங்கம் அதைச் சுவீகரித்தது. லயங்களில் இருந்த இந்திய வம்சாவளித் தொழிலாளர்கள் வெளியேறும்படி அறிவிக்கப்பட்டார்கள். அவர்கள் போகவில்லை. போவதற்கு எங்கே இடமிருந்தது? 1946இல் அவர்களுக்காக மற்றத் தோட்டங்களிலும் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. லயக் காம்பிராவை விடாதவர்கள் மீது தண்டனைச் சட்டக்கோவையின் கீழ் அத்துமீறல் வழக்குப் போட்டார்கள். அவர்களில் ஒருவரான செல்வநாயகத்தின் வழக்குத்தான் 'செல்வநாயகம் எதிர் மன்னர்' என்ற பெயரில் லண்டனிலிருந்த கோமறைக் கழகத்துக்குப் போனது.

1950இல் தீர்ப்பு வந்தது. அவர் குற்றவாளி அல்ல. அத்துமீறல் குற்றமாவதற்கு, சொந்தக்காரரைத் தொந்தரவு செய்யும் எண்ணம் இருக்க வேண்டும். தான் இருப்பதால் சொந்தக்காரருக்குக் கோபம் வரும் என்று தெரிந்திருப்பது மட்டும் அந்த எண்ணம் ஆகிவிடாது. அந்த மனிதருடைய எண்ணம் தன் வீட்டை வைத்துக்கொள்வதுதான். காணி யாருக்கு என்ற சிவில் பிணக்கைக் குற்றவியல் நீதிமன்றத்தில் குறுக்குவழியாகத் தீர்க்கக்கூடாது என்பதும் அந்தத் தீர்ப்பின் சாரம். காம்பிரா அவருக்கே சொந்தம் என்று மட்டும் நீதிமன்றம் சொல்லவில்லை. இதைச் சேர்த்துச் சொல்லாவிட்டால் நான் ஒரு பக்கத்தை மறைத்தவளாவேன்.

பிறகு 1971ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தோட்டக் குடியிருப்புகள் சட்டம் வந்தது. வேலை போனாலும், நீதிமன்றக் கட்டளையில்லாமல் ஒரு தொழிலாளியைக் குடியிருப்பிலிருந்து வெளியேற்ற முடியாது என்றது. ரியூஷனில் என் பக்கத்தில் இருக்கும் தோட்டத்துத் தோழிக்கு இதைச் சொன்னேன். அவளுடைய அப்பாவுக்கும் அது தெரிந்திருக்கவில்லை.

டவுனில் வாடகைக்கு இருக்கும் எங்களைப் போன்றவர்களுக்கும் அடிப்படை அதுதான். வெளியேற்றுவது நீதிமன்றத்தின் வேலை. தீர்ப்புக் கிடைத்த பிறகும் சொந்தக்காரர் தானே வந்து சாமானை எடுத்து வெளியே போட முடியாது. பிஸ்கால்தான் வர வேண்டும். 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டத்துக்கு உட்பட்ட வீடென்றால், வாடகை நிலுவை, வீட்டைச் சேதப்படுத்தல், தான் குடியிருக்க நியாயமான தேவை என்று குறிப்பிட்ட காரணங்களுக்கு மட்டுமே வழக்குப் போடலாம். ஆனால் 1980இல் செய்த திருத்தத்தால் பல வீடுகள் அதற்கு வெளியே போய்விட்டன. ஆகவே 'சட்டம் நம்ம பக்கம்' என்று விசாரிக்காமல் இருந்துவிடக்கூடாது. வெளியே உள்ள மாத வாடகை வீட்டுக்கும் ஒரு மாத முன்னறிவித்தல் வேண்டும். நொத்தாரிசு எழுதிய குத்தகையானால், 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் சொந்தக்காரருக்கு விரைவான வழியைக் கொடுக்கிறது. அதுவும் மாவட்ட நீதிமன்றம் வழியாகத்தான்.

ஒருவர் பூட்டை உடைத்து உங்களை வெளியே போட்டால், 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம், 68ஆம் பிரிவுகள் இருக்கின்றன. பலவந்தமாக வெளியேற்றி இரண்டு மாதத்துக்குள் விடயம் நீதிமன்றத்துக்குப் போய்விட்டால், உங்களைத் திரும்பக் குடியிருத்தும்படி கட்டளையிடலாம். இரண்டு மாதம் என்பதைப் பெற்றோர்கள் தயவுசெய்து நினைவில் வையுங்கள். 'பார்ப்போம், பேசுவோம்' என்று இருப்பதிலேயே அந்த நாட்கள் போய்விடும்.

எங்கள் வீட்டில் பெரிய குறை, பற்றுச்சீட்டு ஒன்றுகூட இருக்கவில்லை. ஒன்பது வருடம் வாடகையைக் கையில்தான் கொடுத்திருக்கிறோம். நம்பிக்கை என்று வாப்பா சொன்னார். நம்பிக்கை நல்லதுதான், ஆனால் அதை நீதவானிடம் காட்ட முடியாதே! அதன்பின் வாப்பா வங்கியில் போட ஆரம்பித்தார். சட்ட உதவி ஆணைக்குழுவிலும் விசாரித்தார். வசதி குறைந்தவர்களுக்கு அங்கே இலவச ஆலோசனை உண்டு.

வீட்டுக்காரரும் பொல்லாதவர் அல்ல. மகனுக்கு வீடு வேண்டும் என்பது பொய்யுமில்லை. மத்தியஸ்த சபைக்குப் போகலாமா என்று வாப்பா கேட்டதும் அவரே இறங்கி வந்தார். பரீட்சை முடிந்து ஒரு மாதம்வரை இருக்கலாம் என்று எழுதி, இருவரும் கையெழுத்து வைத்தார்கள். சாட்சிக்குப் பள்ளிவாசல் நிர்வாகத்தில் ஒருவர்.

இப்போது வேறு வீடு தேடுகிறோம். போன ஞாயிறு பார்த்த வீட்டில் கிணறு இருக்கிறதா என்று உம்மா கேட்டார். வாப்பா கேட்டது, மாதாமாதம் பற்றுச்சீட்டுத் தருவீர்களா என்று.