இருளில் எடுத்த படம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கொன்ற புலியின் அருகே துப்பாக்கியுடன் நின்று படம் எடுத்துக்கொள்ளுதல் பெருமையெனக் கருதப்பட்டது. அந்நாளில் ஐக்கிய மாகாணத்துச் சிவாலிக் மலைக்காடுகளில் வன அலுவலராய் இருந்த எப். டபிள்யூ. சாம்பியன் என்பாரோ, உயிருடன் உலவும் புலியையே படம்பிடிக்க விழைந்தார்.

புலி பெரும்பாலும் இரவில் உலவுவது. ஆளரவம் கேட்பின் மறைந்துவிடுவது. ஆதலின் அவர், அது நடக்கும் பாதையின் குறுக்கே மெல்லிய கம்பி ஒன்றைக் கட்டி, அதனைப் புகைப்படக் கருவியோடும் மக்னீசியப் பொடி விளக்கோடும் இணைத்தார். புலியின் கால் கம்பியில் பட்டதும் பொடி பளீரென எரியும். அக்கணமே படம் பதியும். பிற விலங்குகள் கம்பியை இடறிய இரவுகளும் உண்டு. பல்லாண்டு உழைப்பின் பயனாகிய அப்படங்கள் 1927இல் நூலாக வெளிவந்தன. தம் நெஞ்சில் புலிகளைப் படமெடுக்கும் விருப்பத்தை மூட்டியவை சாம்பியனின் படங்களே என வேட்டையில் பெயர்பெற்ற ஜிம் கார்பெட் எழுதியுள்ளார்.

ஒரு புலியின் கோடுகள் மற்றொன்றின் கோடுகளை ஒத்திரா. சாம்பியன் தம் படங்களைக் கொண்டே புலிகளை வேறு பிரித்தறிந்தார். அழகிற்காக எடுத்த படம் அடையாளச் சீட்டும் ஆயிற்று!

எனினும் நெடுங்காலம் அடிச்சுவடுகளைக் கொண்டே புலிகளை எண்ணி வந்தனர். இராசத்தானத்துச் சரிஸ்காக் காட்டில் புலிகள் உள்ளன என்றே அக்கணக்குக் கூறிவந்தது. 2005இல் ஆராய்ந்தபோது ஆங்கு ஒன்றும் இல்லை. திருட்டு வேட்டையாடுவோர் அழித்துவிட்டிருந்தனர்.

அதன்பின் நாடெங்கும் படக்கணக்கே முதன்மை பெற்றது. இக்காலக் கருவிகள் உடல்வெம்மையையும் அசைவையும் உணர்ந்து தாமே இயங்குவன. புலியின் இருபுறக் கோடுகளும் வேறுபடுதலின், பாதையின் இருமருங்கும் அவற்றை வைக்கின்றனர். 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு இந்தியாவில் 3,682 புலிகள் இருக்கக்கூடும் என மதிப்பிட்டது.