முழங்காலை ஒட்டிய திறந்த எலும்பு முறிவு: சந்தேகங்களும் விளக்கங்களும்

திருவனந்தபுரம்: சாலை விபத்தில் காயமடைவோருக்கான மத்திய அரசின் ரொக்கமில்லா சிகிச்சைத் திட்டம் 2025 மே 5-ம் தேதி நடைமுறைக்கு வந்தது. உச்சவரம்பு ரூ.1.5 லட்சம், காலவரம்பு 7 நாட்கள். ஆனால், முழங்காலுக்குச் சற்றுக் கீழே கணைக்கால் எலும்பு முறிந்து தோலும் கிழிந்துவிட்டால் சிகிச்சை மாதக்கணக்கில் நீளும். களியக்காவிளை எல்லையைத் தாண்டி திருவனந்தபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வரும் குமரி மாவட்டத்தினரை இரு மாநிலங்களின் காப்பீட்டு விதிகளும் சேர்ந்து குழப்புகின்றன. பரவலாக எழும் சந்தேகங்களும் விளக்கங்களும்:

எலும்பு வெளியே தெரிந்தால்தான் திறந்த முறிவா?

இல்லை. முறிந்த இடம் வரை காயத்தின் வழியாகப் பாதை இருந்தால் அது திறந்த முறிவுதான். பொட்டளவு துளையில் ரத்தம் கசிந்தாலும் அப்படியே கருதப்படும். கணைக்கால் எலும்பின் முன்பக்கத்தை மூடியிருப்பது தோல் மட்டுமே என்பதால், முறிந்த எலும்பு அதைக் கிழிப்பது எளிது.

முழங்காலுக்கு அருகே முறிந்தால் ஏன் கூடுதல் ஆபத்து?

காலுக்கு ரத்தம் கொண்டுசெல்லும் முக்கியத் தமனி முழங்காலின் பின்புறம் எலும்பை ஒட்டிச் செல்கிறது. அது அறுந்தாலோ நசுங்கினாலோ சுமார் 6 மணி நேரத்துக்குள் ரத்த ஓட்டத்தைச் சீராக்க வேண்டும். பாதம் சில்லிடுவது, வெளிறுவது, மரத்துப்போவது, விரலை அசைத்தாலே தாங்க முடியாத வலி ஆகியவை உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டிய அறிகுறிகள்.

விபத்து நடந்த இடத்தில் என்ன செய்யலாம், எதைச் செய்யக் கூடாது?

108 ஆம்புலன்ஸை அழைத்து, காயத்தைச் சுத்தமான துணியால் மூடி, ரத்தம் பெருகினால் அழுத்திப் பிடிக்க வேண்டும். கால் அசையாமல் மரச்சட்டம் போன்ற ஒன்றை அணைத்துக் கட்டலாம். வெளியே வந்த எலும்பை உள்ளே தள்ளுவது, காப்பித்தூள், மஞ்சள்தூள், எண்ணெய் இடுவது, நாட்டுக் கட்டுப் போடுவது ஆகியவை கூடாது. அறுவை சிகிச்சைக்கு மயக்க மருந்து தர வேண்டியிருக்கலாம் என்பதால் உணவும் பானமும் தரக் கூடாது.

எவ்வளவு நேரத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும்?

கிருமி எதிர்ப்பு ஊசியை இயன்றவரை 1 மணி நேரத்துக்குள் போட வேண்டும். டெட்டனஸ் தடுப்பும் தேவை. பிரிட்டன் வழிகாட்டுதலின்படி, வயல் சேறோ சாக்கடை நீரோ புகுந்த காயத்தையும் தமனி அறுந்த காயத்தையும் உடனடியாக அறுவை அரங்கில் சுத்தம் செய்ய வேண்டும். பலத்த மோதலால் ஏற்பட்ட மற்ற காயங்களுக்கு 12 மணி நேரமும், எஞ்சியவற்றுக்கு 24 மணி நேரமும் வரம்பு.

காயம் சிறிதாக இருந்தால் பாதிப்பும் குறைவா?

1976-ல் வெளியான கஸ்டிலோ-ஆண்டர்சன் வகைப்பாட்டில் 1 செ.மீ.க்குக் குறைவான, சுத்தமான காயம் முதல் வகை. 10 செ.மீ.க்கு மேற்பட்டதும், தசை கடுமையாக நசுங்கியதும் மூன்றாம் வகை. லாரிச் சக்கரம் ஏறிய காலில் வெளிக்காயம் சிறிதாகவும் உள்ளே தசை கூழாகவும் இருக்கலாம் என்பதால், இறுதி வகை அறுவை அரங்கில்தான் தீர்மானிக்கப்படும்.

முதல் நாளே பிளேட் வைத்து முடித்துவிடாமல், பல முறை அறுவை சிகிச்சை ஏன்?

வீங்கிய, அழுக்குப் புகுந்த காலில் உடனே பிளேட் வைத்தால் சீழ்பிடிக்கும் வாய்ப்பு அதிகம். எனவே முதலில் காயத்தைக் கழுவி, செத்த சதையை அகற்றி, முழங்காலுக்கு மேலும் கீழும் எலும்பில் கம்பிகளைச் செலுத்தி வெளிச்சட்டத்தால் பிணைப்பார்கள். எலும்பை மூடத் தோல் போதாவிட்டால், கெண்டைக்கால் தசையின் ஒரு பகுதியைத் திருப்பி, கூடுமானவரை 72 மணி நேரத்துக்குள் மூடுவது வழக்கம். பிளேட்டா, வளையச் சட்டமா என்பது காயத்தின் நிலையைப் பொறுத்தது.

காலை அகற்ற வேண்டுமா என்பது எப்படி முடிவாகிறது?

கோவை கங்கா மருத்துவமனையில் டாக்டர் எஸ்.ராஜசேகரன் குழுவினர் உருவாக்கி 2006-ல் வெளியிட்ட மதிப்பெண் முறை இதற்கு உதவுகிறது. தோல், எலும்பு, தசை-நரம்பு ஆகிய மூன்றின் சேதத்துக்கும் தலா 1 முதல் 5 வரையும், நிலைமையை மோசமாக்கும் பிற காரணம் ஒவ்வொன்றுக்கும் 2-ம் தரப்படும். மொத்தம் 14 வரை இருந்தால் காலைக் காப்பாற்ற முயலலாம். 17-ம் அதற்கு மேலும் வந்தால் பெரும்பாலும் அகற்ற நேரிடும். 15, 16 வந்தால் அனுபவமிக்க மருத்துவர்களின் முடிவைப் பொறுத்தது.

ரூ.1.5 லட்சம் யாருக்குக் கிடைக்கும்?

எந்தச் சாலையிலும் மோட்டார் வாகனத்தால் நேரிட்ட விபத்தில் காயமடைந்தவர் எந்த மாநிலத்தவராயினும் தகுதியுண்டு. விபத்து நாளிலிருந்து அதிகபட்சம் 7 நாட்களுக்கு, திட்டத்தில் சேர்க்கப்பட்ட மருத்துவமனைகளில் இது பொருந்தும். மற்ற மருத்துவமனைகளில் உயிரையும் உடல்நிலையையும் நிலைப்படுத்தும் சிகிச்சைக்கு மட்டுமே பொருந்தும்.

7 நாட்களுக்குப் பிறகு செலவை யார் ஏற்பது?

பிந்தைய அறுவை சிகிச்சைகள் பெரும்பாலும் இந்த வரம்புக்கு வெளியே விழும். கேரளத்தின் காருண்ய ஆரோக்கிய சுரக்ஷா திட்டத்திலும் தமிழக முதல்வரின் விரிவான காப்பீட்டுத் திட்டத்திலும் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை உண்டு. எந்த அட்டை எந்த மருத்துவமனையில் செல்லும் என்பதை, அனுமதிக்கப்பட்ட முதல் நாளிலேயே அங்குள்ள காப்பீட்டுப் பிரிவில் கேட்டறிய வேண்டும்.

எல்லைக்குத் தமிழகப் பக்கம் விபத்து நடந்தால்?

2021 டிசம்பர் 18-ம் தேதி தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில், தமிழகத்துக்குள் விபத்தில் சிக்குவோர் வேறு மாநிலத்தவரானாலும் முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்பதே நிபந்தனை.

மோதிய வாகனம் நிற்காமல் சென்றுவிட்டால்?

எலும்பு முறிவு சட்டப்படி கொடுங்காயம். அடையாளம் தெரியாத வாகனம் மோதியதால் கொடுங்காயம் அடைந்தவருக்கு, 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மத்திய அரசுத் திட்டத்தில் ரூ.50,000 இழப்பீடு உண்டு. இது சிகிச்சைச் செலவுக்கான திட்டத்திலிருந்து வேறானது. தனியே விண்ணப்பிக்க வேண்டும்.

எப்போது நடக்கலாம்?

எலும்பு கூட 4 முதல் 6 மாதங்கள், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். புகைப்பழக்கமும் கட்டுப்படாத சர்க்கரை நோயும் இதைத் தாமதப்படுத்தும். எக்ஸ்ரேயில் எலும்பு கூடுவது தெரிந்து மருத்துவர் அனுமதித்த பிறகே காலில் முழு எடையை ஊன்றலாம். முழங்காலை மடக்கும் பயிற்சியை அதற்கு முன்பே, அவர் சொல்லும் நாளில் தொடங்க வேண்டும்.