ஊருக்குப் போகும் முன்: இணைய முன்பதிவில் சில சிக்கன வழிகள்

1956 நவம்பர் 1-ஆம் தேதி விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. அன்று முதல் பாலராமபுரம், பாறசாலைப் பகுதியிலுள்ள நம் குடும்பங்களுக்கு வீடு ஒரு மாநிலம், உறவு ஒரு மாநிலம். நல்லது கெட்டதுக்குப் போகாமல் இருக்க முடியாது. அப்படியிருக்க, பிரயாணச் செலவில் நாலு காசு மிச்சம் பிடிப்பது எப்படி என்று பார்ப்போம்.

முதலில் வழியைப் பாருங்கள். சென்னை என்றாலே திருவனந்தபுரம் சென்று மெயில் ஏறுவது நம்மவர் வழக்கம். அது பாலக்காடு வழியாகச் சுமார் 920 கிலோமீட்டர். நாகர்கோவிலிலிருந்து மதுரை வழியாகச் சென்றாலோ சுமார் 730 கிலோமீட்டர்தான். ரயில் கட்டணம் தூரத்தைப் பொறுத்தது. மேலும், 12, 20, 22 என்று தொடங்கும் எண்ணுள்ள சூப்பர்ஃபாஸ்ட் ரயில்களில் படுக்கை வகுப்புக்கு 30 ரூபாய் கூடுதல் கட்டணம் உண்டு. நம் பாதையில் ஓடும் அனந்தபுரி எக்ஸ்பிரஸிலும் அது உண்டு.

இரண்டாவது, நாள் கணக்கு. முன்பதிவுக் காலம் 2024 நவம்பர் 1 முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைக்கப்பட்டுவிட்டது. இதில் பயண நாள் சேராது. பொங்கலுக்காக ஜனவரி 12-ஆம் தேதி புறப்படும் ரயிலுக்கு நவம்பர் 13 காலை 8 மணிக்கே முன்பதிவு திறந்துவிடும். அந்த நாளைக் காலண்டரில் இன்றே குறித்து வையுங்கள். தவறவிட்டால் தட்கலுக்கு அதிகக் கட்டணம் கொடுக்க நேரும்; உறுதியான தட்கல் டிக்கெட்டை ரத்து செய்தால் பணமும் திரும்பாது. 2025 ஜூலை 1 முதல், ஆதார் மூலம் சரிபார்த்த கணக்கு இருந்தால்தான் இணையத்தில் தட்கல் எடுக்க முடியும். அவசரம் வருவதற்கு முன்பே இதை முடித்து வைப்பது நலம்.

மூன்றாவது, சேவைக் கட்டணம். ஐ.ஆர்.சி.டி.சி. தளத்தில் ஏ.சி. இல்லாத வகுப்புக்கு யு.பி.ஐ. மூலம் செலுத்தினால் 10 ரூபாய், மற்ற வழிகளில் 15 ரூபாய், ஏ.சி. வகுப்புக்கு 20, 30 ரூபாய். வரி தனி. இது ஆளுக்கு அல்ல, டிக்கெட்டுக்கு. ஆகவே ஆறு பேர் வரை ஒரே டிக்கெட்டில் எடுங்கள். ரயில் நிலைய கவுண்டரில் இந்தக் கட்டணமே இல்லை. பிற தளங்கள் தங்கள் பங்குக்கும் ஏதாவது சேர்க்கும்.

ஒன்றை மறக்கக் கூடாது. இணையத்தில் எடுத்த காத்திருப்போர் பட்டியல் டிக்கெட்டில் ஒருவருக்கும் இடம் உறுதியாகவில்லையென்றால், சார்ட் தயாரானதும் அது தானாகவே ரத்தாகிவிடும். அதை வைத்துக்கொண்டு ரயில் ஏற முடியாது.

விமானத்தில் போகிறவர்கள் முதலில் காட்டும் விலையைக் கண்டு மயங்க வேண்டாம். பெட்டி, இருக்கை, காப்பீடு என்று எல்லாம் சேர்ந்த கடைசித் தொகையையே விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்தோடு ஒப்பிடுங்கள். கேட்காமலே ‘டிக்’ செய்து வைத்திருப்பதை எடுத்துவிடுங்கள். நம்மவர்க்கே உரிய தொல்லை இனிஷியல். வளைகுடாவுக்குச் செல்பவர், பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் எந்த இடத்தில் உள்ளதோ அதே இடத்தில் எழுத்து பிசகாமல் நிரப்ப வேண்டும். மலிவு டிக்கெட்டின் லாபம் பெயர் திருத்தத்தில் போய்விடும்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. நமக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர், ரத்து செய்த டிக்கெட்டின் பணம் வரவில்லையென்று இணையத்தில் தேடிக் கிடைத்த எண்ணுக்குப் பேசினார். கேட்டவனிடம் ஓ.டி.பி.யைச் சொன்னார். டிக்கெட் விலையைப் போலப் பல மடங்கு போயிற்று. ரயில் விவரங்களுக்கு 139 என்ற எண் உள்ளது. ஏமாந்துவிட்டால் தயங்காமல் உடனே 1930-க்குச் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்புண்டு.

வீட்டில் கணினி தெரிந்த பிள்ளைகள், பெரியவர்களுக்கு இதையெல்லாம் உடனிருந்து செய்து கொடுத்தால் அதுவே பெரிய உதவி. மிச்சமாகும் பணம் ஊரிலிருக்கும் பாட்டிக்கு ஒரு புடவையாகட்டும். அதுவும் நம் பாலராமபுரம் கைத்தறியாகவே இருக்கட்டும்!