திமிங்கிலம் பார்க்கப் போகிறவர்களுக்கு

கோடை விடுமுறையில் வடநோர்வேக்குப் போகும் எம்மவர் பலரின் பட்டியலில் மூன்று விடயங்கள் இருக்கும்: நள்ளிரவுச் சூரியன், லொபோத்தன் மலைகள், அண்டெனஸில் திமிங்கிலம். எண்பதுகளில் இதே வடபகுதிக்கு வேலைக்கு வந்தவர்களுக்குக் கடல் என்பது தொழிற்சாலை மேசையில் வந்து விழும் கொட் மீன்தான். இன்று அதே கடலைக் காசு கொடுத்துப் பார்க்கிறோம். பார்ப்பது எதை என்று அறிந்து பார்ப்பது நல்லது.

அண்டெனஸ், அண்டோயாத் தீவின் வடமுனையில் உள்ளது. வடதுருவ வட்டத்திற்குச் சுமார் 300 கிலோமீற்றர் வடக்கே. ஆழ்கடலைக் காண வேறிடங்களில் நெடுந்தூரம் போக வேண்டும். இங்கோ கண்டமேடை ஒடுங்கிவிடுகிறது. கரைக்கு அருகிலேயே கடலடிப் பள்ளத்தாக்கொன்று 1000 மீற்றருக்கு மேல் இறங்குகிறது. அந்த ஆழத்தில் கணவாய். கணவாயைத் தேடி ஸ்பேர்ம் திமிங்கிலம். படகில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். 1980களின் இறுதியில் இங்கு திமிங்கிலச் சுற்றுலா ஆரம்பமானது.

படகோட்டி முதலில் கண்ணை நம்புவதில்லை, காதை நம்புகிறார். நீருக்குள் ஒலிவாங்கியை இறக்கினால், ஆழத்தில் இரை தேடும் திமிங்கிலத்தின் 'டிக் டிக்' ஒலி கேட்கும். ஒலி நின்றால் அது மேலே வருகிறது என்று பொருள். வந்து பத்து நிமிடமளவில் மூச்சு வாங்கும். பின் வாலை உயர்த்தி மறுபடி அரை மணி நேரத்திற்கு மேல் மறைந்துவிடும்.

இங்கு வருபவை அநேகமாக ஆண்களே. பெண்களும் குட்டிகளும் வெப்பக் கடல்களில் கூட்டமாக வாழ, வளர்ந்த ஆண்கள் இரைக்காகக் குளிர்க் கடலுக்குத் தனியே வருகின்றன. இனப்பெருக்கத்திற்காகத் தெற்கே திரும்புகின்றன. இதில் எம் கதைக்கு உவமை தேட வேண்டாம். திமிங்கிலத்திடம் யாரும் விசா கேட்பதில்லை.

பார்ப்பதற்கு முன் இந்நாடு கொன்றது. வெடிகுண்டு பொருத்திய ஈட்டியைப் பீரங்கியால் எய்யும் முறையை 1860களில் உருவாக்கிய ஸ்வென் ஃபொய்ன், பின்மார்க்கின் வாட்சோவில் வேட்டையை நடத்தினார். திமிங்கிலங்களே மீனைக் கரைக்கு விரட்டி வருகின்றன என்று நம்பிய ஏழை மீனவர்கள் இதை எதிர்த்தனர். 1903 இல் மீன்பாடு பொய்த்தபோது மெஹாமனில் திரண்டு திமிங்கிலத் தொழிற்சாலையை உடைத்தெறிந்தனர். அரசு இராணுவத்தை அனுப்பியது. ஆயினும் 1904 இல் வடகரையில் வேட்டை தடைசெய்யப்பட்டது. மீனவரின் விஞ்ஞானம் பிழையாக இருக்கலாம். ஆனால் கடலின் மீது தமக்கும் உரிமை உண்டு என்ற அவர்களது கோரிக்கை பிழையல்ல.

வேட்டை முடிந்துவிடவில்லை. சர்வதேசத் தடையை ஏற்காத நோர்வே, 1993 முதல் மீண்டும் மின்கே திமிங்கிலங்களை வணிக நோக்கில் பிடிக்கிறது. ஆண்டுக்குச் சில நூறு. ஆகவே ஒரே கரையில் ஒரு திமிங்கிலம் காட்சிப்பொருள், இன்னொன்று இறைச்சி. இதைக் கேட்டு முகம் சுளிப்பவர் பலர் கொட் மீனைப் பற்றி யோசிப்பதில்லை.

காட்சியும் குற்றமற்றதல்ல. ஓர்க்காக்கள் ஹெரிங் மீனைத் தொடர்பவை. ஹெரிங் குளிர்காலத்தைக் கழிக்கும் இடம் மாற, அவையும் தொண்ணூறுகளின் டிஸ்பியோர்டிலிருந்து வடக்கே நகர்ந்து இன்று ஷெர்வோய்ப் பக்கம் காணப்படுகின்றன. பின்னாலேயே படகுகளும். அந்த ஹெரிங் கூட்டம் 1960களின் இறுதியில் அதீத மீன்பிடியால் ஏறக்குறைய அழிந்தது. ரோஸ்ட் தீவில் லுண்டே எனும் பஃபின் பறவைக் குஞ்சுகள் ஆண்டாண்டாகப் பட்டினியால் மடிந்தன. கடலில் எதுவும் தனித்து இல்லை. லொபோத்தனுக்கு முட்டையிட வரும் கொட்டைக் காக்க, எண்ணெய் உற்பத்தியை மீனவரும் சூழலியலாளரும் சேர்ந்து இதுவரை தடுத்து வைத்துள்ளனர்.

எம் கடலுக்கு வருவோம். திருகோணமலையிலும் ஆழப் பள்ளத்தாக்கு கரையைத் தொடுகிறது. 1983 இல் 'டியூலிப்' என்ற ஆய்வுப் பாய்க்கப்பல் அங்கு நீலத் திமிங்கிலங்களையும் ஸ்பேர்ம் திமிங்கிலங்களையும் அவதானித்தது. அவ்வாண்டின் யூலையை இவ்வாசகர்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. பின்னர் அக்கடலில் மீனவருக்கே தடை. 2009 இற்குப் பின் சுற்றுலாப் படகுகள் வந்தன. மெஹாமன் மீனவர் எழுப்பிய கேள்வியை அங்கும் எழுப்ப வேண்டியுள்ளது: திமிங்கிலத்தைக் காட்டி வரும் பணம் யாருக்கு? அதே கரையில் வலை காய வைப்பவனைக் கேட்டா கடலைப் பங்கிட்டார்கள்?

விடுமுறைக்குப் போகும் எம்மவர், அண்டெனஸில் கேட்க மறந்தாலும் திருகோணமலையிலாவது இதைக் கேட்க வேண்டும்.