நாள்பட்ட குதிகால் வலிக்கும் தசைநாண் வலிக்கும் அதிர்வலை சிகிச்சை: பயணம் செய்வோர் அறிய வேண்டியவை

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய பகுதிகளில் வாழும் மக்களுள் பெரும்பாலோர் நாள்தோறும் பயணம் செய்பவர்கள். மின்சார ரயிலில் நின்றுகொண்டும், நடைமேம்பாலப் படிகளில் ஏறி இறங்கியும், பேருந்திலும் இருசக்கர வாகனத்திலும் பயணித்தும் பணியிடம் சேர்கின்றனர். அம்பத்தூர் தொழிற்பேட்டை போன்ற இடங்களில் அதன்பின் எட்டு மணி நேரம் சிமெண்டுத் தரையில் நின்று வேலை செய்வோரும் உண்டு. ஆண்டில் சில நாட்கள் திருப்பதிக்கும் வேளாங்கண்ணிக்கும் பாதயாத்திரை செல்வோரும், திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலம் வருவோரும் இவர்களுள் அடங்குவர். இத்தகையோரிடம் மாதக்கணக்கில் நீடிக்கும் குதிகால் வலி, முழங்கை வலி, தோள்பட்டை வலி ஆகியவை மிகுதியாகக் காணப்படுகின்றன.

இவ்வலிகளுக்கு ‘அதிர்வலை சிகிச்சை’ என்னும் முறை தற்போது பல தனியார் மையங்களில் அளிக்கப்படுகிறது. அச்சிகிச்சை யாது, யாருக்குப் பயன் தரும், யாருக்குக் கூடாது, பயணத்திற்கு முன் எப்போது மேற்கொள்ளலாம் என்பவற்றை இப்பக்கம் விளக்குகிறது.

வலி எங்கிருந்து தோன்றுகிறது?

தசையை எலும்புடன் இணைக்கும் உறுதியான திசு தசைநாண் எனப்படும். பேச்சு வழக்கில் இதையும் ‘நரம்பு’ என்றே கூறுகிறோம். ஆயினும் இது உணர்வைக் கடத்தும் நரம்பு அன்று. உள்ளங்காலில் குதிகால் எலும்பிலிருந்து விரல்களின் அடிப்பகுதி வரை ஒரு திசுப்பட்டை பரவியுள்ளது. நாம் எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியிலும் இப்பட்டை இழுபடுகிறது. பழக்கத்திற்கு மீறிய சுமை தொடர்ந்து விழும்போது, இத்திசுக்களில் நுண்ணிய சிதைவுகள் ஏற்படுகின்றன. அவை ஆறுவதற்குள் மீண்டும் சுமை ஏறினால், திசு தடித்து, தரம் குறைந்து, வலி நிலைத்துவிடுகிறது. இந்நிலையில் வீக்க அழற்சியைவிடத் திசுச் சிதைவே மேலோங்கி நிற்பதால், வலிநிவாரணி மாத்திரைகள் தற்காலிக ஆறுதலை மட்டுமே தருகின்றன.

மக்கள் ‘குதிகால் வாதம்’ என்று கூறும் நோயின் அடையாளம் தெளிவானது. காலையில் படுக்கையை விட்டு எழுந்து வைக்கும் முதல் சில அடிகளில் வலி கடுமையாக இருக்கும். சிறிது நடந்தபின் குறையும். நெடுநேரம் நின்றபின் மீண்டும் கூடும். நெடுந்தொலைவுப் பேருந்திலிருந்து இறங்கும்போதும் இதே வலி தோன்றும். பெரும்பாலானோருக்கு இது அறுவை சிகிச்சையின்றி ஓர் ஆண்டுக்குள் தணிந்துவிடும். எக்ஸ்ரே படத்தில் குதிகாலில் எலும்பு முள் தெரிந்தால் அஞ்ச வேண்டியதில்லை. வலியே இல்லாத பலரிடமும் அது காணப்படுகிறது.

அதிர்வலை சிகிச்சை எவ்வாறு வந்தது?

மீயொலி வேகத்தில் பறக்கும் விமானத்தின் மீது மழைத்துளிகள் மோதும்போது உண்டாகும் அதிர்வுகளை ஆராய்ந்த ஜெர்மனியின் டோர்னியர் நிறுவனம், அவ்வலைகளை மருத்துவத்திற்குப் பயன்படுத்த முனைந்தது. 1980 பிப்ரவரியில் மியூனிக் நகரில் முதன்முறையாக ஒரு நோயாளியின் சிறுநீரகக் கல், உடலைக் கீறாமல் அதிர்வலையால் உடைக்கப்பட்டது. பின்னர், எலும்பிலும் தசைநாணிலும் இவ்வலைகள் ஏற்படுத்தும் மாற்றங்கள் கண்டறியப்பட்டன. நாள்பட்ட குதிகால் வலிக்கான முதல் அதிர்வலைக் கருவிக்கு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2000ஆம் ஆண்டு ஒப்புதல் அளித்தது.

இதில் மின்சாரம் பாய்ச்சப்படுவதில்லை. இது அழுத்த அலையே. கல்லை உடைக்கும் அளவுக்கு வலிமையும் இதில் இல்லை. இரத்த ஓட்டத்தையும் திசுப் புதுப்பிப்பையும் தூண்டுவதும், வலியுணர் நரம்பு நுனிகளின் செயலைத் தணிப்பதும் இதன் பணிகளாகக் கருதப்படுகின்றன.

கருவிகள் இரு வகைப்படும்.

• குவி அலைக் கருவி: அலைகளை உடலுக்குள் ஆழமான ஒரு புள்ளியில் குவிக்கும்.
• விரி அலைக் கருவி: அழுத்தக் காற்றால் உந்தப்படும் சிறு உலோகத் துண்டு கைப்பிடியின் முனையில் மோதி அலையை எழுப்பும். தோலுக்கு அருகில் இதன் வலிமை மிகுதி. ஆழம் செல்லச் செல்லக் குறைந்துவிடும்.

சிகிச்சை எவ்வாறு அளிக்கப்படுகிறது?

வலிக்கும் இடத்தைத் தொட்டறிந்தோ ஸ்கேன் உதவியுடனோ குறித்துக்கொண்டு, தோலின் மீது களிம்பு தடவி, கருவியின் முனையை அழுத்தி வைப்பர். ஓர் அமர்வில் ஏறத்தாழ 2,000 துடிப்புகள் அளிக்கப்படும். இதற்குப் பத்து முதல் பதினைந்து நிமிடங்கள் ஆகும். பொதுவாக வாரம் ஒருமுறை என மூன்று முதல் ஐந்து அமர்வுகள் தேவைப்படும். சிகிச்சையின்போது வலி இருக்கும். தாங்க இயலாவிட்டால் தெரிவியுங்கள், அழுத்தத்தைக் குறைக்கலாம். தோல் சிவத்தல், இலேசான வீக்கம், இரத்தக்கட்டு, மரத்துப்போதல் ஆகியவை தோன்றிச் சில நாட்களில் மறையும். அடுத்த இரு நாட்களுக்கு ஓட்டம், பாரம் தூக்குதல், நெடுநேரம் நிற்றல் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும்.

எந்த அளவுக்குப் பயன் தரும்?

எல்லா வலிக்கும் இது ஒரே அளவில் பயன் தருவதில்லை.

• குதிகால் வலி: பல மாதங்களாகப் பயிற்சி செய்தும் குணமாகாதவர்களுக்குப் பயன் கிடைத்துள்ளது. எனினும், எல்லா ஆய்வுகளும் ஒத்த முடிவைத் தரவில்லை. பிரிட்டனின் ‘நைஸ்’ அமைப்பு 2009இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பாதுகாப்பில் பெரிய ஐயம் இல்லை என்றும் பயன் குறித்த சான்றுகள் ஒருமித்து இல்லை என்றும் கூறியது.
• குதிகாலின் பின்புறத் தசைநாண் வலி: பயிற்சியை மட்டும் செய்வதைவிட, பயிற்சியுடன் அதிர்வலையையும் சேர்த்து அளிக்கும்போது கூடுதல் பலன் இருந்ததாக 2009ஆம் ஆண்டு ஜெர்மானிய ஆய்வு ஒன்று காட்டியது.
• முழங்கையின் வெளிப்புற வலி: ஸ்பேனர் பிடித்து வேலை செய்வோருக்கும், கைப்பிடியை முறுக்கிக் கியர் மாற்றும் ஆட்டோ ஓட்டுநர்களுக்கும் இவ்வலி வருவதுண்டு. இதற்குப் பயன் மிகக் குறைவு அல்லது இல்லை என்று 2005ஆம் ஆண்டு காக்ரேன் மறுஆய்வு முடிவு செய்தது.
• தோள்பட்டை வலி: 2020ஆம் ஆண்டு காக்ரேன் மறுஆய்வு, நோயாளி உணரத்தக்க பெரும் பயன்கள் குறைவே என்று தெரிவித்தது.

வலி தொடங்கி ஆறு வாரங்களுக்குள் உள்ளவர்களிடம் நடத்தப்பட்டு 2010இல் வெளியான ஆய்வில், அதிர்வலையைவிட உள்ளங்கால் நீட்சிப் பயிற்சியே சிறந்த பலன் தந்தது. ஆகவே, செலவே இல்லாத பயிற்சியை விடுத்து, வலி தொடங்கிய சில வாரங்களிலேயே அதிர்வலைக்குப் பணம் செலுத்துவது தேவையற்றது.

முதலில் செய்ய வேண்டிய பயிற்சிகள்

1. உள்ளங்கால் நீட்சி: அமர்ந்து, வலிக்கும் காலை மறு தொடையின் மீது வைத்து, கால் விரல்களைக் கையால் முன்காலை நோக்கி இழுத்துப் பத்து விநாடிகள் நிறுத்துங்கள். பத்து முறை செய்யுங்கள். நாளுக்கு மூன்று வேளை. முதல் வேளை, காலையில் தரையில் கால் வைப்பதற்கு முன்.
2. குதிகால் உயர்த்தல்: சுருட்டிய துண்டை விரல்களின் கீழ் வைத்து, படிக்கட்டின் விளிம்பில் நின்று, மூன்று விநாடிகளில் குதிகாலை உயர்த்தி, இரண்டு விநாடிகள் நிறுத்தி, மூன்று விநாடிகளில் இறக்குங்கள். கைப்பிடியைப் பற்றிக்கொள்ளுங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் செய்தால் போதும்.
3. காலணி: தேய்ந்த செருப்பை மாற்றுங்கள். குதிகாலுக்கு மெத்தென்ற தாங்கல் உள்ள காலணியை அணியுங்கள். வலி உள்ள காலத்தில் வீட்டினுள்ளும் வெறுங்காலுடன் கடினத் தரையில் நடக்க வேண்டாம்.

இவற்றைக் குறைந்தது பன்னிரண்டு வாரங்கள் தொடர வேண்டும். உடல் எடை மிகுந்தோர் எடையைக் குறைப்பதும் சிகிச்சையின் பகுதியே.

யாருக்கு அதிர்வலை கூடாது?

• கருவுற்ற பெண்கள்
• சிகிச்சை அளிக்கும் இடத்தில் புற்றுநோய் அல்லது தொற்று உள்ளவர்கள்
• இரத்தம் உறையாமை நோய் உள்ளவர்கள்; இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து உட்கொள்பவர்கள்
• வளரும் எலும்பு முனைகள் உள்ள சிறுவர்கள்
• அதே இடத்தில் அண்மையில் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டவர்கள்

இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். நீரிழிவு நோயாளிகளின் பாதத்தில் உணர்வு உள்ளதா எனச் சோதித்த பின்னரே சிகிச்சை குறித்து முடிவெடுக்க வேண்டும். உணர்வு குறைந்தவர்கள் வெறுங்காலுடன் பாதயாத்திரை செல்வதும் ஆபத்தானது. சூடும் சிறு கல்லும் ஏற்படுத்தும் புண் தெரியாமலேயே முற்றிவிடும்.

பயணத்திற்குத் திட்டமிடுவோர் கவனத்திற்கு

அதிர்வலையின் பலன் உடனே தெரிவதில்லை. கடைசி அமர்வுக்குப் பின் ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களில் படிப்படியாகத் தெரியும். ஆதலால் புரட்டாசியில் திருமலைக்கு நடக்க விரும்புவோர் ஆவணி இறுதியில் சிகிச்சை தொடங்குவதால் பயனில்லை. வைகாசி, ஆனி மாதங்களிலேயே மருத்துவரை அணுக வேண்டும். சிகிச்சையால் வலி குறைந்தவுடன் திசு முழு வலிமை பெற்றுவிட்டதாகக் கருதி நெடுந்தொலைவு நடந்தால் சிதைவு மிகும். நடக்கும் தொலைவை வாரந்தோறும் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள்.

பயணத்தில் வயிற்றுப்போக்கு ஏற்படும்போது, சிலர் மருந்துக் கடையில் தாமாகவே சிப்ரோஃபிளாக்சசின், ஆஃப்ளாக்சசின் போன்ற மாத்திரைகளை வாங்கி உட்கொள்கின்றனர். இவ்வகை மருந்துகள் தசைநாண் அழற்சியையும், அரிதாகத் தசைநாண் அறுபடுவதையும் உண்டாக்கக்கூடியவை. 2008இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இதற்கெனத் தனி எச்சரிக்கை விடுத்தது. அறுபது வயதைக் கடந்தோருக்கும் ஸ்டீராய்டு உட்கொள்வோருக்கும் ஆபத்து அதிகம். உப்பு சர்க்கரைக் கரைசலைத் தொடங்குங்கள். மருத்துவர் சொல்லாமல் இம்மாத்திரைகளை உட்கொள்ளாதீர்கள்.

உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அறிகுறிகள்

• நான்கு மணி நேரத்திற்கு மேற்பட்ட பயணத்திற்குப் பின் ஒரு கெண்டைக்காலில் மட்டும் வீக்கம், வலி, வெப்பம்: இது இரத்த நாளத்தில் உறைகட்டியாக இருக்கலாம். அவ்விடத்தைத் தேய்க்கவோ அதிர்வலை அளிக்கவோ கூடாது. மூச்சுத்திணறலும் சேர்ந்தால் 108ஐ அழையுங்கள்.
• குதிகாலின் பின்புறம் அடி விழுந்தது போன்ற திடீர் வலியும், முன்பாதத்தை ஊன்றி எழ இயலாமையும்: தசைநாண் அறுந்திருக்கலாம்.
• காய்ச்சலுடன் கூடிய வலி, இரவில் ஓய்விலும் தணியாத வலி, பாதத்தில் ஆறாத புண்.

எங்கே அணுகுவது?

முதலில் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தையோ, அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி அரசு மருத்துவமனைகளையோ அணுகி நோயை உறுதிசெய்துகொள்ளுங்கள். தேவைப்பட்டால் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அல்லது கே.கே. நகரில் உள்ள அரசு மறுவாழ்வு மருத்துவ நிறுவனத்திற்குப் பரிந்துரை பெறலாம். ஈ.எஸ்.ஐ. காப்பீடு பெற்ற தொழிலாளர்கள் தங்கள் மருந்தகத்தின் வழியே சிகிச்சை பெறலாம். வீட்டை விட்டு வெளியே வர இயலாதோருக்கு ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை சிகிச்சை இல்லத்திற்கே வந்து அளிக்கப்படுகிறது. ஐயங்களுக்கு 104 மருத்துவ உதவி எண்ணை அழைக்கலாம்.

தனியார் மையத்தில் அதிர்வலை சிகிச்சை பெற முடிவு செய்தால், நோயை உறுதிசெய்தவர் யார், கருவி எவ்வகையைச் சேர்ந்தது, எத்தனை அமர்வுகள், உடன் செய்ய வேண்டிய பயிற்சிகள் எவை என்று கேட்டறியுங்கள். எல்லா அமர்வுகளுக்கும் முன்பணம் செலுத்த வேண்டாம். பயிற்சி எதையும் கற்றுத்தராமல் கருவியை மட்டும் வைத்து அனுப்பும் சிகிச்சை முழுமையற்றது.